வேட்டிக்கு ஒத்துவராத உறை

வாங்க சார், வாங்க. துப்பாக்கிக்கடை எட்வின் போன்ல சொன்னாருங்க. தாராபுரத்துல நகைக்கடை வெச்சிருக்கறவரு ஒருத்தரு வருவாரு, புதுசா லைசென்சு வாங்கியிருக்காரு, உறையைப் பத்திக் கேப்பாரு, நீங்களே காட்டிச் சொல்லுங்கன்னாரு. அந்தச் சேர் வேண்டாமுங்க, இதுல உக்காருங்க. எனக்குப் பொறகால செவுரு இருக்கோணும், மின்னால வண்டித் தடம் தெரியோணும். பழக்கமுங்க, வேற ஒண்ணுமில்லே. உங்களுக்கும் வந்துரும்.

மோர் குடிக்கறீங்களா? கலாமணீ... ஏ கலாமணீ, மோர் கொண்டா. கொண்டாருவா. எம் பொண்டாட்டிதானுங்க, இப்பல்லாம் கூப்பிட்ட ஒடனே வர்றதில்லீங்க அவ.

பிஸ்டல் வாங்கறது பெரிய காரியமில்லீங்க சார். காயிதம் சரியா இருந்தாக் குடுத்துருவாங்க. உறை வாங்கறதுதான் காரியம். பிஸ்டலு எல்லார்த்துக்கும் ஒண்ணு. உறை அவனவன் ஒடம்புக்கு. இதை ஆரும் நமக்குச் சொல்லித் தர்றதில்லீங்க. நானாப் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

நான் எதுக்கு வாங்கினேன்னு கேப்பீங்க. கேக்கோணும். இங்கிருந்து வெள்ளகோயில் போற வழியில ஒரு தோட்டத்துச் சாளையில வயசான புருசனும் பொண்டாட்டியும் தனியா இருந்தாங்க. ராத்திரி பூந்து ரெண்டு பேர்த்தையும் அடிச்சுப் போட்டு, இருந்ததை எடுத்துட்டுப் போயிட்டானுங்க. நாங்களும் தனி ஊடு பாத்தீங்களா? சுத்தியும் தென்னந்தோப்பு. கத்தினாக் கேக்கறதுக்கு ஒரு சனமில்லே. எந் தம்பி சென்னியப்பன் ஊடுதான் பக்கம், அதுவும் இந்தத் தடத்துக்கு அந்தக் கடைசியில. கலாமணிக்குத் தூக்கமே போயிருச்சு. சரி, லைசென்சுக்கு எழுதிப் போடுவோம்னு போட்டேன். எழுதிப் போடறதுக்குத் தொணைக்கு வந்ததே சென்னியப்பந்தானுங்க. கலெக்டர் ஆபீசுக்கு அவன் வண்டியிலதான் போனோம். அன்னைக்கு அப்பிடி இருந்தான்.

போலீசு விசாரணை, அது இதுன்னு ஒண்ணரை வருசம் இழுத்துட்டாங்க. அதுக்குள்ள அந்தத் திருட்டுப் பசங்களைப் புடிச்சு உள்ள போட்டாச்சு. அத்தனை பேரையும். ஆனா லைசென்சு வந்துருச்சுங்களே! வந்ததை வேண்டாங்க முடியுமா? ஒரு மனுசனுக்குச் சர்க்காரே ஆபத்து இருக்குதுன்னு எழுதிக் குடுக்குதுன்னா, ஆபத்து இருக்குதுன்னுதான சார் அர்த்தம்?

கோயமுத்தூருக்கு நானும் கலாமணியும் போனோம். எட்வின் கடை உங்களுக்குத் தெரியும். பிஸ்டலைப் பாத்து, சரின்னு சொல்லி, காயிதம் எல்லாம் முடிஞ்சுது. அப்பறம் அந்த மனுசன் கேட்டாருங்க ஒரு கேள்வி. "அய்யா, இது உங்ககிட்ட இருக்கறது யாருக்கும் தெரியக் கூடாதா, இல்ல தெரியணுமா? அதை வெச்சுத்தான் உறை."

நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள கலாமணி, "தெரியக் கூடாதுங்க"ன்னா.

உறையில மொத்தம் நாலு வகை இருக்குதாம். எடுத்துப் பரப்பினாரு. கக்கத்துல தொங்கறது ஒண்ணு. சட்டைக்கு மேல கோட்டுப் போடறவனுக்கு ஆகும், வெள்ளகோயில் வெயில்ல கோட்டுப் போட்டா நாய் தொரத்தும். கெண்டைக்கால்ல கட்டறது ஒண்ணு. ஆபத்துன்னா குனிஞ்சு காலைத் தடவிக்கிட்டிருக்க முடியுமுங்களா? அப்பறம் பெல்ட்டுக்கு வெளிய மாட்டறது, அது போலீசுக்காரனுக்கு. கடைசியா, இடுப்புக்கும் பேண்டுக்கும் நடுவுல உள்ள சொருகறது. மேல ஒரு கிளிப்பு மட்டும் பெல்ட்டைக் கவ்விக்கும். சட்டையை வெளிய விட்டா ஒண்ணுந் தெரியாது. அதுதான்னு முடிவு பண்ணினேன்.

பண்ணி என்னங்க? நான் பேண்டு போட்டு முப்பது வருசமாச்சு. வேட்டிதான். எட்வின் என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. "அய்யா, வேட்டிக்கு எந்த உறையும் நிக்காது"ன்னாரு. நான் உடறதா இல்லே. இந்தப் பச்சை பெல்ட்டு அகலமாத்தான இருக்குது, மாட்டிப் பாருங்கன்னேன். மாட்டினாரு. ரெண்டு எட்டு வெச்சேன், பெல்ட்டு, வேட்டி, உறை, எல்லாஞ் சேந்து எறங்கிப் போச்சு. கலாமணி சிரிச்சா. அவ சிரிச்சு நான் கடைசியாப் பாத்தது அன்னைக்குத்தானுங்க, இப்ப நெனைச்சுப் பாத்தா.

அப்பிடியே கடைத்தெருவுக்குப் போயி பேண்டு எடுத்தோம். இடுப்பளவு பெரிசா எடுக்கோணும் சார், மறந்துறாதீங்க. உறையும் சேத்து உள்ள போகோணுமில்ல. சட்டையும் ஒரு சைசு கூட. திரும்பி வந்து தோல்லயா, கெட்டிப் பிளாஸ்டிக்லயான்னு பாத்தோம். பிளாஸ்டிக்கு அச்சுல வார்த்தாப்பல புடிக்கும், ஆனா நம்ம வேர்வைக்கு இடுப்பை அறுத்துரும். தோலு மொதல்ல கிறீச் கிறீச்சுனு சத்தம் போடும், பழகிட்டா ஒடம்போட ஒடம்பாயிரும். தோல்லயே எடுத்தேன். விசையை முழுசா மூடியிருக்கோணும், அதுல மட்டும் ஏமாந்துராதீங்கன்னு எட்வின் சொன்னாரு. நல்ல மனுசன். கடைசியா ஒண்ணு சொன்னாரு. "கை தானா அங்க போகிற வரைக்கும் பழகுங்க. யோசிச்சுப் போகக் கூடாது."

கார்ல வர்றப்ப கலாமணி கேட்டா. "ஏனுங்க, அந்தத் திருடனுகளைத்தான் புடிச்சாச்சே. இனி இது ஆருக்குங்க?"

ஆருக்குன்னு இப்பவே தெரியுமா? தெரிஞ்சா எதுக்கு உறை! பொம்பளைக்கு இதெல்லாம் எங்க வெளங்கும்.

ஊட்டுக்கு வந்து பீரோக் கண்ணாடி மின்னால நின்னு பழகினேன். குண்டு போடாமத்தானுங்க. சட்டையைத் தூக்கறது, கையைக் கொண்டு போறது, எடுக்கறது, மறுபடியும் வெக்கறது. உக்காந்து பழகினேன், குனிஞ்சு பழகினேன். கலாமணி அந்த ரூமுக்கு வர்றதை உட்டுட்டா. அவ படுக்கையை எடுத்துக்கிட்டுப் போயி சாமி ரூம்ல போட்டுக்கிட்டா. எனக்குக் குறட்டை சாஸ்திங்க. அதுதான் காரணமா இருக்கும். எம் மக ஈரோட்டுல இருக்கறா, வாராவாரம் பிள்ளைகளைக் கூட்டிட்டு வருவா. அதுகளுக்கும் இப்பப் பள்ளிக்கூடத்துல என்னமோ ஓயாம பரிச்சை போலிருக்குது. வர்றதில்லே.

என்ன சொல்ல வந்தேன்? ஆங், மறைக்கறது. ஒரு விசயத்துல நான் ஏமாந்துட்டேனுங்க சார். சட்டைக்குள்ள ஒண்ணுமே தெரியாது. எட்வின் மேல குத்தமே சொல்ல முடியாது. ஆனா மொத நாள் டீக்கடைக்குப் போறேன், அத்தனை பேரும் என் இடுப்பைப் பாக்கறான். தெய்வசிகாமணிக் கவுண்டரு பேண்டு போட்டுட்டாருன்னா என்னமோ இருக்குதுன்னு ஊரே பேசிக்கிச்சு. நான் உக்காந்தா பக்கத்து பெஞ்சுக்காரன் எந்திரிச்சுக்கறான். ஒண்ணு சொல்றேன் சார், அந்த மரியாதை எனக்கு மின்னால இருந்ததில்லே. வாய்க்கா மொறைக்குச் சண்டைக்கு வர்றவன்கூட "நீங்களே மொதல்ல பாச்சிக்குங்க"ன்னுட்டுப் போனான்.

அந்தச் சமயத்துலதான் இந்தத் தடத்துப் பிரச்சினை வந்துச்சு. பிரச்சினைன்னா, அவன் பண்ணினதுங்க, சென்னியப்பன். இந்தத் தடம் எங்கப்பன் காலத்துல இருந்து ரெண்டு பேருக்கும் பொதுவாத்தான் கெடந்துச்சு. அவன் தேங்கா லோடு இதுலதான் போகும். ஒரு நாள் நான் நெனைச்சேன், அளந்து பாத்தா என்னன்னு. அளந்தேன். முக்காவாசி என் பக்கம். கல்லு நட்டேன். என் நெலத்துல நான் கல்லு நட்டதுக்கு ஆருகிட்டங்க கேக்கோணும்? முப்பது வருசமாச் செய்யாததை இப்ப எதுக்குச் செஞ்சேன்னு கலாமணி கேக்கறா. தோணுச்சு, செஞ்சேன். தோணறதுக்கு நேரங்காலம் உண்டா?

லோடு லாரி திரும்ப முடியாம நின்னுக்கிச்சு. சென்னியப்பன் டீக்கடைக்கு வந்தான். எல்லாரும் இருக்கறாங்க. வந்து, ஒரு டீயைக்கூடச் சொல்லாம, என் மின்னால நின்னுக்கிட்டு, "அண்ணனாச்சேன்னு பாக்கறேன்"ன்னான். அவ்வளவுதான். போயிட்டான்.

சார், நீங்களே சொல்லுங்க. "அண்ணனாச்சேன்னு பாக்கறேன்"ன்னா என்ன அர்த்தம்? அண்ணனா இல்லாட்டி என்ன பண்ணியிருப்பான்? நான் அன்னைக்கு ஊட்டுக்கு வந்து ராத்திரி பூரா அதையேதான் யோசிச்சேன். அப்பத்தான் எனக்குச் சர்க்கார் ஏன் லைசென்சு குடுத்துச்சுன்னு வெளங்குச்சு. ஆபத்து எங்கியோ வெளியூர்ல இருந்து வர்றதில்லீங்க. தடத்துக்கு அந்தக் கடைசியிலயே இருந்திருக்குது. அதுக்கப்பறம் தோட்டத்துக்குத் தண்ணி கட்டப் போனாலும் இடுப்புல இல்லாமப் போறதில்லே. பேச்சுவார்த்தையும் நின்னு போச்சு.

அப்பிடியே போயிருக்கும். எங்கக்கா செத்துப் போயிட்டா.

நாச்சக்கா. மூலனூர்ல குடுத்திருந்தது. எங்கம்மா நோவுல கெடந்து போன பொறகு எங்க ரெண்டு பேர்த்தையும் சோறு போட்டுத் தூக்கி உட்டது அவதானுங்க. சென்னியப்பனைத் தன்னோட இடுப்பை உட்டு எறக்கினதில்லே. சாகறதுக்கு மின்னால போன்ல, "டே, ரெண்டு பேரும் ஒண்ணா வந்து ஒரு வாய் சாப்புட்டுப் போங்கடா"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. போகோணும் போகோணும்னு இருந்தேன். வேலை.

செய்தி வந்துச்சு. பொறந்த ஊட்டுக் கோடி நாங்கதான போடோணும்? பொறந்தவங்க ரெண்டு பேரும் குளிச்சு, வேட்டி கட்டி, மேலுக்குத் துண்டு போட்டுக்கிட்டு, மேளம் முழங்கக் கோடிச் சீலையை ஆளுக்கொரு மொனை புடிச்சுக் கொண்டாந்து போத்தோணும். அதுதான் மொறை. கெளம்பறப்பக் கலாமணி வாசப்படியில நின்னுக்கிட்டா. "அதை வெச்சுட்டு வாங்க. செத்த ஊட்டுக்குங்க, அதை வெச்சுட்டு வாங்க"ன்னா. கையைக்கூட எடுத்துக் கும்புட்டா. நான் சொன்னேன், எழவு ஊட்லதாம்மா ஆளு அசந்திருப்பான், அங்கதான் வேணும்னு.

போனோம். அக்கா மகன் மோகனசுந்தரம் வேட்டியும் துண்டும் கொண்டாந்து நீட்டினான். "மாமா, பம்புசெட்டுல குளிச்சுட்டு வந்துருங்க. சின்ன மாமா குளிச்சாச்சு."

சட்டையைக் கழட்டினா உறை தெரியுமில்லீங்க? கழட்டி எங்க வெக்கறது, எழவு ஊட்ல? அத்தனை சனம். "எனக்குச் சளியா இருக்குது, இப்பிடியே போட்டுக்கறேன்"ன்னேன். பேண்டோட, சட்டையோட. மோகனசுந்தரம் நீட்டின வேட்டியைக் கையிலயே வெச்சுக்கிட்டு நின்னான். பொம்பளைங்க அழுகறதை நிறுத்திட்டுப் பாத்தாங்க. பங்காளி ஒருத்தன், "கூடப் பொறந்தவளுக்கு ஒரு முழுக்குப் போட முடியலியா"ன்னு முணுமுணுத்தான். எனக்குக் கேட்டுச்சு. அவனுக்கென்ன தெரியும், என் நெலமை.

அப்பத்தானுங்க சென்னியப்பன் வந்தான். ஈர வேட்டி, வெத்து மேலு. கூட்டத்தைத் தள்ளிக்கிட்டு நேரா எங்கிட்ட. நான் பாத்துக்கிட்டே இருக்கறேன். ரெண்டு கையும் தெரியுது, கையில ஒண்ணுமில்லே. இருந்தாலும் எப்பிடி நம்பறது? பக்கத்துல வந்தான், "அண்ணா"ன்னு ஒரு கத்துக் கத்திக்கிட்டு என்னைக் கட்டிப் புடிச்சுட்டான்.

சின்னப் பையன்ல கட்டிப் புடிச்சதுங்க. அதுக்கப்பறம் அன்னைக்குத்தான். தலையை என் தோள்ல போட்டுக்கிட்டுக் கேவறான். "போயிட்டாளே அண்ணா, நம்மளை ஒண்ணாப் பாக்காமயே போயிட்டாளே. அந்தத் தடம் நாசமாப் போகட்டும், நீயே வெச்சுக்க. எனக்குத் தடம் வேண்டாம். நீ பேசினாப் போதும்"னு சொல்லிச் சொல்லி அழுகறான். முதுகைத் தடவறான். அவன் மேலு ஈரமெல்லாம் என் சட்டையில. தடவிக்கிட்டே வந்த கை கீழ எறங்குச்சு, இடுப்புக்கு.

நின்னு போச்சுங்க, கை.

அழுகையும் நின்னு போச்சு. சட்டைக்கு மேலாகவே வெரலால ஒரு தடவை அழுத்திப் பாத்தான். குருடன் தடவிப் பாக்கறாப்பல. அப்ப என் கையும் அங்கதான் இருந்துச்சு சார். எப்பப் போச்சுன்னு எனக்கே தெரியலே. எட்வின் சொன்னாரே, யோசிச்சுப் போகக் கூடாதுன்னு, அதே மாதிரி. சட்டைக்குள்ள என் கை, சட்டைக்கு மேல அவன் கை. அதுக்குத்தான் நல்ல உறையா வாங்கோணும்னு சொல்றது. தோலு நல்லாப் பழகிருந்துச்சு. ஒரு சத்தம் வரலே.

என் காதுகிட்டக் கேட்டான். மெதுவா, வேற ஆருக்கும் கேக்காத மாதிரி. "எனக்காண்ணா?"

நான் என்னத்தைச் சொல்றது? இல்லேன்னா பொய்யாயிரும். ஆமான்னா, எழவு ஊட்ல அப்பிடிச் சொல்ல முடியுமுங்களா?

அவன் கையை எடுத்துக்கிட்டான். பின்னாலயே போனான், என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே, முதுகைக் காட்டாம. கோடிச் சீலையை ஒரு மொனை அவன் புடிச்சான், ஒரு மொனை நான் புடிச்சேன். சீலை நீளத்துக்கு எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல எடம். போத்தினோம். காட்டுக்குக்கூட வரலே அவன். அக்கா பாடையைத் தூக்கறப்பத் தோள் குடுக்க வேண்டியவன், வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். கல்நெஞ்சுக்காரன். அழுகையெல்லாம் பாசாங்குதான்னு அப்பத் தெரிஞ்சுபோச்சு. என்னைத் தடவிப் பாக்கத்தான் கட்டிப் புடிச்சிருக்கான்.

கலாமணி அப்பிடி நெனைக்கலீங்க. அவ வேற மாதிரி நெனைச்சுக்கிட்டா. அவகிட்டப் பேசிப் பிரயோசனமில்லே.

இதைக் கேளுங்க. நான் நெனைச்சது பொய்யில்லேன்னு ருசுவாயிருச்சு. அவனும் லைசென்சுக்குப் போட்டிருக்கான். எனக்கு ஒண்ணரை வருசம் இழுத்தவங்க அவனுக்கு வருசம் திரும்பறதுக்குள்ள குடுத்துட்டாங்க. எல்லைத் தகராறு இருக்குது, எதிராளிகிட்ட ஆயுதம் இருக்குதுன்னு சொல்லியிருக்கான். விசாரிக்க வந்த ஏட்டு என்கிட்டயே கேட்டாரு, "ஏனுங்க, உங்க தம்பிக்கு உங்களால ஆபத்துங்களா?"ன்னு. நான் சிரிச்சேன். அவனாலதானுங்க எனக்குன்னேன். அவரும் சிரிச்சுட்டுப் போனாரு.

போன வாரம் எட்வின் போன் பண்ணினாரு. "உங்க தம்பி வந்திருந்தாரு அய்யா. பேண்டு போட்டுட்டு வந்தாரு. அண்ணன் எடுத்த மாதிரியே உள்ள சொருகற உறையைப் பாத்துட்டு, இது வேண்டாம், இதை விட மேலா இருந்தாக் காட்டுங்கன்னாரு. எதுக்குங்க, இதுவே யாருக்கும் தெரியாதேன்னு சொன்னேன். அதுக்கு அவரு, 'கண்ணுக்குத் தெரியாட்டிப் பத்தாது, யாராச்சும் கட்டிப் புடிச்சாலும் கைக்குத் தட்டுப்படக் கூடாது'ன்னாரு. இப்பிடி ஒருத்தரும் கேட்டதில்லை அய்யா"ன்னு சொல்லிட்டு எட்வின் சிரிக்கறாரு.

எத்தனை கள்ளம் பாருங்க சார் மனசுல! கூடப் பொறந்தவன்.

எது எடுத்தான்னு கேட்டேன். சொல்ல மாட்டேனுட்டாரு. வாடிக்கைக்காரங்க விசயத்தை ஒருத்தர்து ஒருத்தருக்குச் சொல்லக் கூடாதாம். ஞாயந்தான். உங்களைப் பத்தியும் நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டேன்.

இந்த வெள்ளிக்கிழமை அக்காவுக்கு வருசாந்திரம். மோகனசுந்தரம் நேர்ல வந்து கும்புட்டுக் கூப்புட்டான். "மாமா, அம்மா ஆத்மா தவிச்சுக்கிட்டுக் கெடக்குது. ரெண்டு மாமாவும் வந்து பக்கத்துல பக்கத்துல நின்னு ஒரு பூவைப் போட்டாப் போதும். எல்லாஞ் சரியாயிரும்"னான். நான் வர்றேன்னுட்டேன். "சின்ன மாமாவும் வர்றேன்னுட்டாரு. ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சு ராசியாயிருவீங்க பாருங்க"ன்னு சந்தோசமாப் போனான். பாவம், நல்ல பையன். கலாமணி வரலேன்னுட்டா. மககிட்டப் போறாளாம். பெட்டியைக் கட்டிக்கிட்டிருக்கா, அதுதான் மோரு இன்னும் வரலே.

அதனால நான் எடத்தை மாத்திட்டேனுங்க. இங்க, பாருங்க, மின்னால, தொப்புளுக்குப் பக்கத்துல. கட்டிப் புடிக்கறவன் முதுகைத்தான தடவுவான்? வயித்தைத் தடவ மாட்டான். கையும் சீக்கிரம் போகுது. நீங்களும் இப்பிடியே வெச்சுக்குங்க, உக்காந்தா மட்டும் கொஞ்சம் குத்தும்.

அவன் எங்க வெச்சிருப்பான்னுதான் தெரியலே. எட்வினும் சொல்ல மாட்டேங்கறாரு. வெள்ளிக்கிழமை மொதல்ல நானே போயிக் கட்டிப் புடிச்சுரலாம்னு இருக்கறேன்.